வெளியே வர எத்தனை வழி?

அணை என்றாலே சிவில் படிக்கிற பிள்ளைகள் நீங்களும் உடையுமா உடையாதா என்றுதான் கேட்கிறீர்கள். கேள்வி நேரத்தில் முல்லைப் பெரியாறு எப்படியும் வரும், தெரியும். ஆனால் நான் பேச வந்தது வேறு. அணைக்கு ஒன்றும் ஆகாமலே அதற்குள் வேலை பார்த்தவர்கள் செத்துப்போனதைப் பற்றி.

அமெரிக்காவில் ஹூவர் அணையின் கான்கிரீட்டுக்குள் ஆட்கள் புதைந்து கிடக்கிறார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. பொய். ஒரு தொட்டி கலவை கொட்டினால் மட்டம் சில அங்குலம்தான் உயரும், அதில் யாரும் மூழ்க முடியாது. அங்கே வேலையில் செத்தவர்கள் என்று அரசுக் கணக்கு சொல்வது 96 பேர். அந்த 96-இல் வராதவர்கள் யார் என்று பாருங்கள். கொலராடோ ஆற்றைத் திருப்பிவிட மலைக்குள் சுரங்கம் குடைந்தபோது உள்ளேயே பெட்ரோல் லாரிகளை ஓட்டினார்கள். நிலத்தடிச் சுரங்கத்தில் அது கூடாது என்று நெவாடா மாநிலச் சட்டம் சொன்னது, அணையைக் கட்டிய கம்பெனி கோர்ட்டுக்குப் போய் அந்தச் சட்டத்துக்குத் தடை வாங்கிவிட்டது! புகையால் விழுந்தவர்களுக்கு நிமோனியா என்று எழுதிவிட்டார்கள் என்பது தொழிலாளர்களின் புகார். நிமோனியா விபத்து ஆகாதே, அதனால் கணக்கிலும் வராது.

சரி, அது பழைய காலம் என்பீர்கள். 2007 அக்டோபர் 2, கொலராடோ மாநிலத்தில் கேபின் கிரீக் நீர்மின் நிலையம். மேலே உள்ள நீர்த்தேக்கத்திலிருந்து டர்பைனுக்குத் தண்ணீர் இறங்குகிற பென்ஸ்டாக் குழாயைக் காலிசெய்துவிட்டு உள்சுவருக்கு எபாக்ஸி என்கிற பாதுகாப்புப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார்கள். ஸ்ப்ரே கருவியைக் கழுவ எம்.இ.கே. என்கிற கரைப்பான். அதன் ஆவி சட்டெனத் தீப்பற்றும், அந்த ஆவி சூழ்ந்த மூடிய குழாயில் ஒரு பொறி போதும். தீ பிடித்தது கீழ்வாசலிலிருந்து சுமார் 1,450 அடி உள்ளே. வாசல் பக்கம் நின்றவர்கள் ஓடிவந்துவிட்டார்கள். தீக்கு அந்தப் பக்கம் மாட்டிய ஐந்து பேருக்குப் பின்னால் இருந்தது செங்குத்தாக ஏறும் குழாய், ஏற வழியில்லை. தீயணைப்பான் கொண்டுவாருங்கள் என்று ரேடியோவில் கேட்டார்கள், பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. முக்கால் மணி நேரம் போல உயிரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் இறங்கத் தெரிந்த மீட்புக் குழுவோ ஒரு மணி நேரத்துக்கும் மேலான தூரத்தில். ஐந்து பேரும் புகையில் செத்தார்கள். அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் பிறகு விசாரித்தபோது இன்னொன்றும் தெரியவந்தது: அந்தக் காண்ட்ராக்டருக்குப் பாதுகாப்பில் கிடைத்திருந்த மதிப்பெண் பூஜ்யம். வேலை எப்படிக் கிடைத்தது என்கிறீர்களா? விலை குறைவு.

இதைக் கேட்டால் நெருப்பும் அணையும் எங்கே சேர்ந்தது என்று தோன்றும். நம் பக்கத்து ஸ்ரீசைலத்தில் 2020 ஆகஸ்ட் 20 ராத்திரி இடதுகரை நிலத்தடி பவர் ஹவுஸில் தீப்பிடித்து 9 பேர் போனார்களே, தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை, புகைதான் எமன். மீட்க வந்தவர்களாலேயே புகைக்குள் இறங்க முடியவில்லை.

தண்ணீரே கொன்றது ரஷ்யாவின் சயானோ சுஷென்ஸ்கயா அணை நீர்மின் நிலையத்தில், 2009 ஆகஸ்ட் 17. இரண்டாம் நம்பர் டர்பைன் அதிகமாக அதிர்ந்துகொண்டிருந்தது, மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் பலவற்றில் உலோகக் களைப்பால், அதாவது அதிர்ந்து அதிர்ந்து உலோகம் தளர்ந்துபோய், வெடிப்பு, இருந்தும் ஓட்டினார்கள். மூடி பிய்த்துக்கொண்டு மேலே போக, சுமார் 200 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் மொத்தமும் டர்பைன் கூடத்துக்குள் புகுந்தது. கரண்ட் போனதும் மேலே இருக்கிற ஷட்டர்கள் தானாக மூடவில்லை. ஊழியர்கள் அணை உச்சிக்கு ஏறிப்போய்க் கையால் இறக்கினார்கள். செத்தவர்கள் 75 பேர்.

2021-இல் நம் நாட்டில் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நல்ல சட்டம், ஆனால் அதன் கவலை முழுக்க அணைக் கட்டுமானம், அது உடைந்தால் வரும் பேரழிவு; உள்ளே வேலை பார்க்கிறவர்கள் அல்ல. அதே வருடம் பிப்ரவரி 7-ஆம் தேதி உத்தராகண்டின் சமோலியில் வெள்ளம் வந்து, தபோவனில் நீர்மின் திட்டத்துக்காகக் குடைந்துகொண்டிருந்த சுரங்கத்தின் வாயைச் சேறு அடைத்தது, உள்ளே இருந்த ஆட்களுக்கு வேறு வாசல் கிடையாது.

இங்கே சிவில் படிக்கிற பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறீர்கள், நாளைக்கு டெண்டர் எழுதப்போகிறவர்கள் நீங்கள்தான். சுரங்கமோ பென்ஸ்டாக்கோ, ஆள் இறங்குகிற வேலை என்றால் வெளியேற இரண்டாவது வழி, காற்று, வாசலிலேயே நிற்கிற மீட்புக் குழு, இவற்றைத் தனி ஐட்டமாக, தனி விலையோடு போடுங்கள். பொதுவாக 'பாதுகாப்பு ஏற்பாடுகள்' என்று ஒரே வரியில் எழுதினால், விலையைக் குறைக்க நினைக்கிற காண்ட்ராக்டர் முதலில் அடிக்கப்போவது அந்த வரியைத்தான்.