ரப்பர் போதும், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணிக்கும், அவைக்கும் வணக்கம். வணக்கத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு முன்னால் பேசிய சகோதரி அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அதை முதலில் இறக்க வேண்டும்.

'வீட்டுக் கணினி மக்கர் செய்தால் பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?' என்பது தலைப்பு. பழுது பார்ப்பதே என்பது எங்கள் கட்சி. சகோதரி என்ன சொன்னார்? "இவர்கள் வீட்டுக் கணினியை ஆன் பண்ணிவிட்டுக் குக்கரில் பருப்பு வைத்தால், மூணு விசில் வந்து, பருப்பு குழைந்து, தாளித்துக் கொட்டின பிறகுதான் திரையில் டெஸ்க்டாப் வரும்" என்றார். மண்டபம் அதிர்ந்தது. நல்ல நையாண்டி, நானும் கைதட்டினேன். ஆனால் சகோதரி, அந்தக் கணினி ஏன் அவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? காரணத்தைச் சொன்னால் உங்கள் கட்சி கரைந்துவிடும். அதனால் அதை நான் சொல்கிறேன்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலான பழைய கணினிகளில் சி.பி.யு பத்து சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும், டிஸ்க் மட்டும் நூறு சதவீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். மூளை சும்மா இருக்கிறது, கிடங்கிலிருந்து சாமான் வரவில்லை. அந்தக் கிடங்குதான் ஹார்டு டிஸ்க். உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுகிறது, லேப்டாப்பில் பெரும்பாலும் 5400. தேடுகிற எழுத்து ஊசிக்கு அடியில் வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். 7200 சுற்றில் அதுவே 4 மில்லி வினாடிக்குக் கொஞ்சம் மேலே. ஊசி நகர்ந்து இடத்துக்கு வர இன்னொரு எட்டு, ஒன்பது மில்லி வினாடி. ஆக, சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை வினாடிக்கு நூறு தடவைக்குள்தான் அதனால் எடுக்க முடியும். விண்டோஸ் எழுந்திருக்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கில். அங்கேதான் சகோதரியின் பருப்பு வேகிறது!

அதற்கு மருந்து ஒரு எஸ்.எஸ்.டி, அதாவது சுற்றுகிற தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கிற டிஸ்க். இரண்டரை அங்குலம், சாட்டா வகை, 256 ஜி.பி இருந்தால் வீட்டுக்குப் போதும். அதில் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை, காத்திருப்பும் இல்லை. மேசைக் கணினியில் பக்கவாட்டுத் தகட்டின் இரண்டு திருகைக் கழற்றி, ஒரு டேட்டா கேபிள், ஒரு பவர் கேபிள் செருகினால் மாட்டுகிற வேலை முடிந்தது. விண்டோஸையும் அதற்கு மாற்றிவிட வேண்டும். பழைய டிஸ்கையும் தூக்கிப் போட வேண்டாம், படம் பாட்டு வைத்துக்கொள்ள உள்ளேயே இருக்கட்டும். லேப்டாப்பாக இருந்தால் பழையதைக் கழற்றி அதே இடத்தில் இதை வைக்க வேண்டும். சில பழைய லேப்டாப்பில் இடம் ஒன்பதரை மில்லி மீட்டர் உயரம், எஸ்.எஸ்.டி ஏழு மில்லி மீட்டர். ஆடாமல் இருக்க இடையில் ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைப்பார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பழைய டிஸ்கை அப்படியே புதியதில் நகல் எடுத்தால், முதல் தடவை ஆன் பண்ணும்போது பழையதன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். நகல் என்பதால் இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருக்கும். விண்டோஸ் குழம்பிப்போய் ஒன்றை ஒதுக்கி வைத்துவிடும். "எஸ்.எஸ்.டி போட்டேன், வேலை செய்யவில்லை" என்று கடைக்குத் திரும்பி வருகிற பலருக்கு நடந்தது இதுதான்.

இத்தனையும் செய்த பிறகு கணினியை ஆன் பண்ணுங்கள் சகோதரி. பருப்பைக் களைந்து குக்கரில் போடுவதற்குள் டெஸ்க்டாப் வந்துவிடும். விசிலுக்கு வேலையே இல்லை!

இப்போது அந்த ஜெராக்ஸ் கடைக் கதைக்கு வருகிறேன். ரிப்பேர் வேலையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை, ஊர்தான் மாறும். ஒரு தாலுகா ஆபீஸ் எதிரில் ஒரு கடை. ஜெராக்ஸ், டைப்பிங், ரப்பர் ஸ்டாம்பு, எல்லாம் ஒரு அக்கா ஒருத்தரே பார்க்கிறார். ஒரு திங்கட்கிழமை காலையில் கணினியை ஆன் பண்ணினால் திரை கறுப்பு. உள்ளேயிருந்து 'பீ...ப்', 'பீ...ப்' என்று விட்டு விட்டு ஒரே அலறல். வெளியே மனு டைப் பண்ண வரிசை நிற்கிறது. முதலில் வந்தவர் பார்த்தார், "மதர்போர்டு போச்சுக்கா" என்றார். இரண்டாவது வந்தவர் காதை வைத்துக் கேட்டார், "ப்ராசஸரும் போச்சு, இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார். நம் எதிரணியில் சேர வேண்டியவர்! மூன்றாவதாக மனு டைப் பண்ண வரிசையில் நின்ற ஒரு ஐ.டி.ஐ பையன் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, ஒரு ரப்பர் குடுங்க."

"ரப்பர் ஸ்டாம்பா தம்பி? என்ன பேரு போடணும்?"

"ஸ்டாம்பு இல்லக்கா, அழிரப்பர்."

"ஐயையோ, எதைத் தம்பி அழிக்கப் போறே? உள்ள நாலு வருசத்துப் பத்திரம் இருக்கு!"

பையன் ஒன்றும் பேசவில்லை. உள்ளேயிருந்து ஒரு பட்டையை உருவினான், ரப்பரால் தேய்த்தான், திரும்பச் செருகினான். திரை வந்துவிட்டது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் தன் கைப்பேசியை நீட்டி, "தம்பி, இதையும் கொஞ்சம் தேய்ச்சுக் குடு" என்றார்!

பின் வரிசையில் கேட்கவில்லை என்று கை காட்டுகிறார்கள். நடுவர் அனுமதித்தால் இன்னொரு தடவை சொல்கிறேன். இந்தத் தடவை அக்காவை விட்டுவிட்டு, பையனின் கையை மட்டும் பாருங்கள்.

முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கையே பிடுங்கினான். பிறகு பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தான், உள்ளே தேங்கியிருக்கிற மின்சாரம் வடிவதற்கு. கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டான், உடம்பில் இருக்கிற நிலை மின்சாரம் ராம் என்கிற நினைவகப் பட்டையில் இறங்கிவிடக் கூடாது என்பதற்கு. ராம் பட்டையின் முனையில் இருக்கிற கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினான், பட்டை தானே எழும்பியது. ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்கினான். தங்க நிறப் பற்கள் மேல் விரல் படவே இல்லை, வியர்வை பட்டால் அதுவே அடுத்த பழுது. வெள்ளை அழிரப்பரால் அந்தப் பற்களை மேலிருந்து கீழாக மெதுவாகத் தேய்த்தான், இரண்டு பக்கமும். பேனா மை அழிக்கிற சொரசொரப்பு ரப்பரால் தேய்த்தால் தங்கப் பூச்சே போய்விடும், அதை எடுக்கவில்லை. ரப்பர் தூளைத் துணியால் துடைத்தான், ஸ்லாட்டுக்குள் ஒரு துகள் விழவில்லை. பட்டையின் வெட்டும் ஸ்லாட்டின் மேடும் பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு முனையிலும் கட்டை விரலால் அழுத்தினான். 'டக்' என்று கிளிப் விழுந்தது. அவ்வளவுதான், நடுவர் அவர்களே! ஈரப்பதமும் தூசியும் சேர்ந்து அந்தப் பற்கள் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்திருந்தது. அதற்குத்தான் இரண்டு பேர் மதர்போர்டுக்கும் ப்ராசஸருக்கும் இறுதிச் சடங்கு செய்யப் பார்த்தார்கள்.

எந்தப் பீப்புக்கு என்ன அர்த்தம் என்று பல மதர்போர்டுக் கையேடுகளில் அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். கணினி தன் வாயால் நோயைச் சொல்கிறது. கேட்காமல் தூக்கிப் போடச் சொல்வது என்ன நியாயம்?

இன்னொன்றும் பாருங்கள். பேங்க் வலைத்தளம் திறக்கவில்லை, 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வருகிறது, வைரஸ் என்கிறார்கள். மூலையில் தேதியைப் பாருங்கள், பல வருடம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் இருக்கிற சி.ஆர்.2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பானால் வலைத்தளத்தின் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் முடிவு கட்டுகிறது. மூன்று வோல்ட் பேட்டரி, கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். எழுத்து இருக்கிற பக்கம் மேலே வர வேண்டும், மாற்றியதும் தேதியைச் சரி செய்ய வேண்டும். இதற்குப் புதுக் கணினியா?

எதிரணித் தம்பி ஒருவர் நல்ல கேள்வி கேட்டார். "2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதே, 11 இந்தக் கணினியில் ஏறாதே, என்ன செய்வீர்கள்?" என்றார். உண்மைதான் தம்பி. 11-க்கு டி.பி.எம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை ப்ராசஸர் வேண்டும். 2016-இல் வாங்கிய நல்ல கணினிகூட வாசலில் நிற்க வேண்டியதுதான். நாங்கள் அதில் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போடுவோம். நாலு ஜி.பி ராம் இருந்தால் நன்றாக ஓடும். எட்டு ஜி.பி பென் டிரைவில் ஏற்றி, ஆன் பண்ணும்போது எஃப்12 அல்லது எஃப்9 தட்டினால், நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, பிரிண்டர், சத்தம், தமிழ்99 விசைப்பலகை நாலும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள். வைஃபை வரவில்லையென்றால் கைப்பேசியை யு.எஸ்.பி-யில் மாட்டி இணையம் கொடுங்கள், அதன் வழியாக டிரைவர் இறங்கும். லினக்ஸ் நமக்கு ஒன்றும் புதிதல்ல. தமிழ்நாடு அரசு 2011 முதல் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ் இருந்தது. கணக்கு எழுதுகிற டேலி, பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் என்று விண்டோஸையே நம்பிய வேலையா? அந்தக் கணினியை இணையத்திலிருந்து பிரித்து வைத்து ஓட்டுங்கள். 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7-ஓடு அந்த மென்பொருளின் கதை முடிந்தது, இன்றும் கல்யாணப் பத்திரிகை அதில் அச்சாகிறது.

ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கை ஒன்று சொல்கிறது: 2022-இல் மட்டும் உலகம் கொட்டிய மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனது 22.3 சதவீதம். மீதி எங்கே போனது என்று எதிரணி சொல்லட்டும்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, ஒரு நிமிடம் கொடுங்கள். இதுவரை பாகத்தைப் பற்றிப் பேசினேன், இப்போது மனிதரைப் பற்றிப் பேச வேண்டும்.

ஈழத்திலும், கனடாவிலும், பாரிஸிலும், இங்கேயும் எத்தனையோ அப்பாக்கள், ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போடுகிற பழைய பாமினி எழுத்துருவில் கடிதம் டைப் பண்ணினார்கள். டி டிரைவில் சேமித்து வைத்தார்கள். அந்தக் கோப்பைப் புதுக் கணினிக்கு மாற்றித் திறந்து பாருங்கள். தமிழ் இருக்காது. ஆங்கில எழுத்தும் இடையிடையே அரைப்புள்ளியுமாக ஒரு கிறுக்கல் வரும். 'அப்பா' என்ற சொல்லில் இருக்கிற ஒற்றைப் புள்ளி, அங்கே அரைப்புள்ளியாக நிற்கும். விவரம் தெரியாத பிள்ளை, கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று அழித்துவிடும். எத்தனை வீட்டில் அழிந்ததோ! பழைய கணினியில் அதே கோப்பைத் திறங்கள். எழுத்துரு அங்கே இருக்கிறது. அப்பா பேசுவார். "சாப்பிட்டியா, மழையில நனையாதே" என்று பேசுவார். தட்டச்சுப் பிழையோடு பேசுவார். எழுத்துருவைப் புதியதில் போட்டுக்கொள்ளலாமே என்று தம்பி கேட்பார். போடலாம் தம்பி, பழைய கணினி வீட்டில் இருந்தால் அதிலிருந்து எடுத்துப் போடலாம். எடைக்குப் போனதிலிருந்து எடுக்க முடியாது.

வீட்டுக்கு முதல் முதலாகக் கணினி வந்த நாளில் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம், ஆயுத பூஜைக்குப் பூ வைத்தோம். எழுத்துக்கூட்டிப் படித்த அம்மா, பிள்ளை வெளிநாட்டிலிருந்து வருகிற முகத்தைப் பார்க்க அதன் முன்னால் புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்தப் பெட்டிக்கு ஒரு ராம் பட்டை அழுக்காகிவிட்டது என்பதற்காக விடை கொடுக்க எங்களுக்கு மனசு வரவில்லை. வராது.

சகோதரி, உங்கள் உரையின் நடுவில் ஒரு வரி சொன்னீர்கள், யாரும் கவனிக்கவில்லை, நான் குறித்து வைத்தேன். "எங்கள் வீட்டிலும் ஒன்று பரணில் கிடக்கிறது, எடைக்குப் போடலாம் என்றால் அம்மா விடமாட்டேன் என்கிறார்" என்றீர்கள். அம்மா ஏன் விடவில்லை? காரணம் சொல்லாமல் இறங்கிவிட்டீர்கள். இன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேளுங்கள். அவர் சொல்வதை அடுத்த மேடையில் எங்கள் அணியிலிருந்து நீங்களே பேசுவீர்கள். நன்றி, வணக்கம்.