சாம்பியன் பம்பருக்கு நவம்பர்லயே பணம் கட்டலாமா?

வணக்கம் மக்களே. இன்னிக்கு நேரா விஷயத்துக்கு வந்துடறேன். இங்கிலாந்துல நடக்கிற செல்டன்ஹாம் குதிரைப் பந்தயத் திருவிழா மார்ச் மாசம். ஆனா அதுல ஓடுற சாம்பியன் பம்பர்ங்கிற ரேஸுக்கு, பெட் வாங்குற புக்கிங்க குளிர்காலம் தொடங்கும்போதே ரேட் போட்டுடுவாங்க. ஒரே ஒரு ரேஸ் ஓடி ஜெயிச்ச குதிரைக்கு 20-க்கு 1, 16-க்கு 1-னு, அதாவது 1 ரூபா கட்டினா 20 ரூபா, 16 ரூபா லாபம்னு பார்க்கும்போது கை துறுதுறுங்கும். "இப்பவே கட்டினா நல்ல ரேட்டு, மார்ச்ல இது 5-க்கு 1 ஆயிடும்"னு சொல்றவங்க எல்லா இடத்துலயும் இருக்காங்க. அது சரியா தப்பான்னு இன்னிக்கு பொறுமையா பேசலாம்.

தமிழ்நாட்டுல இருந்து பார்க்குறவங்களுக்கு முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது உங்களை பெட் கட்டச் சொல்ற வீடியோ இல்ல. ஆன்லைன்ல பந்தயம் கட்டுறதுக்கு அங்க என்ன சட்டம்னு உங்களுக்கே தெரியும். இந்த ரேஸ் எப்படி நடக்குது, அதைச் சுத்தி பணம் எப்படி ஓடுதுன்னு புரிஞ்சுக்கப் பாருங்க, அது போதும்.

கிண்டி ரேஸ் பார்த்துப் பழகினவங்களுக்கு பம்பர்னா என்னன்னு ரெண்டு வரியில சொல்லிடறேன். இங்கிலாந்துலயும் அயர்லாந்துலயும் குளிர்காலம் முழுக்க தடை தாண்டுற ரேஸ்தான் பிரதானம். அந்தக் குதிரைங்க தடை தாண்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, கூட்டத்துல ஓடிப் பழகுறதுக்காக தடையே இல்லாம ஓட விடுற ரேஸ்தான் பம்பர். 4, 5, 6 வயசுக் குதிரைங்க. இதோட உச்சம் செல்டன்ஹாம்ல ரெண்டாவது நாள், புதன்கிழமை நடக்கிற சாம்பியன் பம்பர். 2 மைலுக்குக் கொஞ்சம் மேல, கிரேடு 1, அதாவது உச்சத் தரம். 1992-ல ஆரம்பிச்சது. முதல் வருஷம் ஜெயிச்சது மான்டெலாடோ. அந்த வருஷத் திருவிழாவோட கடைசி ரேஸ் அதுதான். அடுத்த வருஷத் திருவிழாவோட முதல் ரேஸ், சுப்ரீம் நாவிசஸ் ஹர்டில், அதையும் அதே குதிரை ஜெயிச்சது. அதுல இருந்தே இந்த ரேஸ்ல "நாளைய நட்சத்திரம்" யாருன்னு தேடுற பழக்கம் வந்துடுச்சு.

இப்போ என் கட்சி என்னன்னா, நவம்பர்ல சாம்பியன் பம்பருக்குப் பணம் கட்டுறவர் குதிரையோட வேகத்து மேல கட்டல. அதைப் பயிற்சி கொடுத்து வளர்க்கிற லாயத்துக்காரர், அதாவது டிரெய்னர், மார்ச்ல என்ன முடிவு எடுப்பார்ங்கிறது மேலதான் கட்டுறார்.

ஏன்னு கேளுங்க. முன்கூட்டியே கட்டுற பெட்ல, குதிரை அன்னிக்கு ஓடலைன்னா பணம் போச்சு. திருப்பித் தர மாட்டாங்க. இருமல் வந்து ஓடலையா, கால்ல வீக்கமா, இல்ல "இவனுக்கு இந்த வருஷம் செல்டன்ஹாம் வேணாம், ஏப்ரல்ல அயர்லாந்துல பஞ்செஸ்டவுன் திருவிழா போதும்"னு டிரெய்னர் முடிவு பண்ணிட்டாரா, எதுவா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான். பம்பர் குதிரைங்கள்ல இது அடிக்கடி நடக்கும். இதுங்க இன்னும் வளர்ற வயசு. நல்ல டிரெய்னருக்கு இதோட பெரிய வேலை ரெண்டு மூணு வருஷம் கழிச்சு வேலி தாண்டுறப்போதான் இருக்கு. அதனால சந்தேகம் வந்தா நிறுத்தி வெச்சுடுவார். அது குதிரைக்கு நல்லது. உங்க சீட்டுக்கு நல்லதில்ல.

ஒரு சின்ன கணக்கு போட்டுக் காட்டறேன், ஸ்கிரீனைப் பாருங்க. ஒரு குதிரை மார்ச்ல ஸ்டார்ட்டிங் லைன்ல வந்து நின்னா 6-க்கு 1 ரேட்ல நிக்கும்னு வெச்சுப்போம். அதாவது 7-ல 1 பங்கு வாய்ப்பு. ஆனா நவம்பர்ல இருந்து பார்த்தா அது அங்க வந்து நிக்கவே 3-ல 1 பங்குதான் வாய்ப்புன்னு வெச்சுக்கோங்க. ரெண்டையும் பெருக்குங்க. 21-ல 1. நியாயமான ரேட் 20-க்கு 1. அப்போ நவம்பர்ல கிடைக்கிற 20-க்கு 1-ம், மார்ச்ல கிடைக்கிற 6-க்கு 1-ம் சரிக்குச் சரி. 16-க்கு 1-னு கட்டியிருந்தா, அது பார்க்கத்தான் பெருசு, உண்மையில அன்னிக்குக் காலையில கட்டுறதை விட மோசமான பெட். இதைப் புரிஞ்சுக்காமதான் பல பேர் "நான் 16-ல வாங்கினேன், இப்போ 6 ஆயிடுச்சு பாரு"ன்னு சந்தோஷப்படுறாங்க. அந்த 3-ல 1 எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கலாம். துல்லியமா யாருக்கும் தெரியாது. ஆனா புக்கி கொடுக்கிற ரேட்ல அந்த ஆபத்துக்கான கூலி இருக்கான்னு நீங்களே கேட்டுக்கணும். பெரும்பாலும் இருக்காது.

சரி, குதிரை நல்லா இருந்து, ஓடவும் ஓடுதுன்னு வெச்சுக்கோங்க. அப்பவும் எவ்வளவு மாறலாம்ங்கிறதுக்கு 2021-ஐ விட நல்ல உதாரணம் கிடையாது. அதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா எனக்கு இந்த ரேஸ்ல ரொம்பப் பிடிச்ச வருஷமும் அதுதான்.

அந்த சீசன்ல சர் கெர்ஹார்டுன்னு ஒரு குதிரை. செவ்லி பார்க் ஸ்டட் அதோட ஓனர், டிரெய்னர் கார்டன் எலியட். பம்பர்ல தோல்வியே கிடையாது. இன்னொரு பக்கம் வில்லி மல்லின்ஸ் லாயத்துல கில்க்ருயிட். பிப்ரவரியில அயர்லாந்து லெப்பர்ட்ஸ்டவுன்ல டப்ளின் ரேசிங் ஃபெஸ்டிவல்ல நடக்கிற கிரேடு 2 பம்பரை அது அப்படியே வாரிச் சுருட்டிட்டுப் போச்சு. அன்னியில இருந்து செல்டன்ஹாம் பேவரிட் அதுதான். பிப்ரவரி கடைசியில, செத்துப்போன குதிரை மேல எலியட் உட்கார்ந்திருக்கிற போட்டோ வெளியே வந்து ரேஸ் உலகமே ஆடிப்போச்சு. அவருக்குத் தடை வந்தது. செவ்லி பார்க் தன்னோட குதிரைகளை அங்கிருந்து எடுத்துட்டாங்க. திருவிழாவுக்கு ரெண்டு வாரம் கூட இல்ல, சர் கெர்ஹார்டு போய்ச் சேர்ந்த இடம் வில்லி மல்லின்ஸ் லாயம். நேத்து வரைக்கும் எதிராளி, இன்னிக்கு கில்க்ருயிட்டுக்குப் பக்கத்துல கட்டியிருக்கு!

ரேஸ் அன்னிக்கு கில்க்ருயிட் மேல பேட்ரிக் மல்லின்ஸ், சர் கெர்ஹார்டு மேல ரேச்சல் பிளாக்மோர். கொரோனா காலம், கேலரியில ஆளே இல்ல. பிளாக்மோர் என்ன பண்ணினாங்கன்னா, முன்னாடியே ஓட்டி வேகத்தைத் தன் கையில வெச்சுக்கிட்டாங்க. அந்த ரீப்ளேவை நீங்க ஒருதரம் பார்க்கணும். கடைசி வளைவு திரும்பி மேடு ஏறும்போது கில்க்ருயிட் நெருங்குது, இன்னும் நெருங்குது, ஆனா தாண்ட முடியல. அரை லெங்த்ல, அதாவது அரைக் குதிரை நீளத்துல, சர் கெர்ஹார்டு ஜெயிச்சது. அடுத்த மாசம் பஞ்செஸ்டவுன்ல அதே ரெண்டும் திரும்ப மோதினப்போ கில்க்ருயிட் ஜெயிச்சது. அப்போ எது நல்ல குதிரை? ரெண்டுமே நல்ல குதிரைதான். அன்னிக்கு யார் கையில வேகம் இருந்ததுங்கிறதுதான் வித்தியாசம். இதை நவம்பர்ல எந்தக் கொம்பனாலயும் சொல்லியிருக்க முடியாது. போட்டோ, டிரெய்னர் மாற்றம், ஜாக்கி யாருங்கிறது எல்லாமே கடைசி நேரத்துல முடிவானது.

வில்லி மல்லின்ஸ் லாயத்துக் கதையே தனி. 1996-ல விதர் ஆர் விச் மேல தானே ஏறி ஓட்டி ஜெயிச்சார். அதுல ஆரம்பிச்சு 2025-ல பாம்பினோ ஃபீவர் வரைக்கும் 14 தடவை இந்த ரேஸ் அவர் லாயத்துக்குப் போயிருக்கு. "அப்போ கண்ணை மூடிக்கிட்டு மல்லின்ஸ் குதிரையில கட்டிடலாமே"ன்னா, அவர் ஒண்ணு அனுப்ப மாட்டார், பல குதிரை அனுப்புவார். அதுல எது ஜெயிக்கும்ங்கிறதுதான் சிக்கல். 2018-ல ரெலகேட் 25-க்கு 1. கேட்டி வால்ஷ் ஏறினாங்க. கிட்டத்தட்ட எல்லாருக்கும் பின்னால இருந்து மேட்டுல பறந்து வந்து பிடிச்சது யாரைன்னு நினைக்கிறீங்க? அதே லாயத்து கேர்ஃபுல்லி செலக்டடை! 2013-ல பிரையர் ஹில், அதுவும் 25-க்கு 1, அதுவும் மல்லின்ஸ். 2020-ல அப்ரீஷியேட் இட் மேல மகன் பேட்ரிக் இருந்தார், ஜெயிச்சது பால் டவுனென்ட் ஓட்டின ஃபெர்னி ஹாலோ. வீட்டு ஆளுங்களுக்கே முன்கூட்டித் தெரியலைன்னா வெளியில இருந்து பார்க்கிற நமக்கு எப்படித் தெரியும்?

கியூ கார்டுங்கிற குதிரை 2010-ல 40-க்கு 1-க்கு ஜெயிச்சது. ஃபான்ட்வெல்ல ஒரே ஒரு பம்பர் ஜெயிச்சுட்டு வந்த 4 வயசுக் குட்டி அது. அதுவும் ஜனவரியில. அதுக்கு நவம்பர்ல யாரும் ரேட் கேட்டிருக்கவே மாட்டாங்க.

அப்போ எப்போதான் பார்க்கிறது? என்னைக் கேட்டா பிப்ரவரி முதல் வாரம். லெப்பர்ட்ஸ்டவுன். அந்த பம்பரை ஜெயிச்ச குதிரைங்க செல்டன்ஹாம்ல என்ன பண்ணுச்சுன்னு வரிசையா சொல்றேன். 2019 என்வாய் ஆலன், ஜெயிச்சது. 2020 அப்ரீஷியேட் இட், ரெண்டாவது. 2021 கில்க்ருயிட், ரெண்டாவது. 2022 ஃபசீல் வேகா, ஜெயிச்சது. 2023 எ ட்ரீம் டு ஷேர், ஜெயிச்சது. அஞ்சு வருஷத்துல மூணு வெற்றி, ரெண்டு ரெண்டாவது இடம். எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க. லெப்பர்ட்ஸ்டவுனும் செல்டன்ஹாம் மாதிரியே இடது கைப் பக்கம் சுத்துற பாதை. வலுவான எதிரிகளோட, நல்ல வேகத்துல ஓடியிருக்கும். பாம்பினோ ஃபீவர் கூட அதே வாரக்கடைசியில பெட்டைக் குதிரைங்களுக்கான பம்பரை ஜெயிச்சுட்டுத்தான் செல்டன்ஹாம் வந்தது. பெட்டைக்கு 7 பவுண்டு எடை சலுகை உண்டு, அதை மறந்துடாதீங்க. ஃபயோனா 2017, ரெலகேட் 2018, பாம்பினோ ஃபீவர் 2025, மூணுமே பெட்டை.

ரீப்ளே பார்க்கும்போது நான் எதைப் பார்ப்பேன்னு சொல்றேன். எத்தனை லெங்த்ல ஜெயிச்சதுங்கிறதுக்கு நான் அவ்வளவா மதிப்பு கொடுக்க மாட்டேன். சின்ன ஊர் பம்பர்ல முதல் ஒண்ணரை மைல் நடை மாதிரி போகும், கடைசி ரெண்டு ஃபர்லாங்ல யார் சட்டுனு கிளம்புறாங்களோ அவங்க பத்து லெங்த்ல ஜெயிப்பாங்க. செல்டன்ஹாம்ல அது நடக்காது. இருபது குதிரை நெருக்கியடிச்சு ஓடும், இடிபடும், மண்ணு மூஞ்சியில அடிக்கும், கடைசியில மேடு. அதனால கூட்டத்து நடுவுல மாட்டிக்கிட்டப்போ தலையைத் தூக்கி முரண்டு பிடிக்குதா, இல்ல காதை முன்னாடி வெச்சு அமைதியா ஓடுதான்னு பாருங்க. ஜாக்கி கேட்டதும் உடனே போகுதா, இல்ல ஒரு கணம் திகைச்சு, அப்புறம் கோடு வரைக்கும் நிக்காம போகுதான்னு பாருங்க. ரெண்டாவது வகைதான் எனக்குப் பிடிக்கும். கோடு தாண்டின பிறகும் ஜாக்கியால நிறுத்த முடியாம ஓடுற குதிரையை உடனே குறிச்சு வெச்சுக்குவேன். ஃபயோனா 2017-ல ஸ்டார்ட்லயே பின்தங்கிடுச்சு. ஜேமி காட் பதறாம கடைசியில உட்கார்ந்து, ஒவ்வொண்ணா தாண்டிக்கிட்டு வந்து ஜெயிச்சார். அந்தக் குதிரையோட மனசு அப்படி. அதே வருஷம் அக்டோபர்ல பயிற்சியில அடிபட்டு செத்துப் போச்சு, ஹர்டில் சீசன் சூடு பிடிக்கிறதுக்கு முன்னாடியே. இப்பவும் நினைச்சா கஷ்டமா இருக்கு.

விலையைப் பார்த்தும் ஏமாறாதீங்க. என்வாய் ஆலன் வெக்ஸ்ஃபோர்டு பக்கம் ஒரே ஒரு பாயின்ட்-டு-பாயின்ட், அதாவது அமெச்சூர் ஜாக்கிங்க ஓட்டுற தடை தாண்டுற ரேஸ், ஜெயிச்சதும் 4 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போச்சு. அது கொடுத்த காசுக்கு நியாயம் பண்ணின குதிரை. பம்பரும் ஜெயிச்சு, 2023-ல அதே செல்டன்ஹாம்ல வேலி தாண்டுற ரயனேர் சேஸும் ஜெயிச்சது. ஆனா எ ட்ரீம் டு ஷேரைப் பாருங்க. 85 வயசு டிரெய்னர் ஜான் கீலி, வாட்டர்ஃபோர்டுல சின்ன லாயம். மேல ஏறினது 18 வயசு அமெச்சூர் ஜாக்கி ஜான் கிளீசன், குதிரையை வளர்த்த குடும்பத்துப் பையன். பெரிய லாயம், பெரிய ஏலம் எதுவும் இல்லாம கிரேடு 1!

ஒரு விஷயம் சொல்லணும். குதிரைப் பந்தயம் சூதாட்டமா திறமையாங்கிற வழக்கு நம்ம சென்னையில இருந்துதான் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. 1996-ல தீர்ப்பு. இது பெரும்பாலும் திறமை சார்ந்ததுன்னு கோர்ட் சொன்னதுக்குக் காரணங்கள் என்ன தெரியுமா? குதிரையோட இயல்பான திறன், ஜாக்கியோட கைத்திறன், குதிரையோட ஃபார்ம், உடல் தகுதி, சுமக்கிற எடை, ஓடுற தூரம். இதையெல்லாம் எடை போட்டுப் பார்க்கிறதுதான் திறமைன்னாங்க. நவம்பர்ல சாம்பியன் பம்பர் குதிரைக்கு இதுல எத்தனை உங்களுக்குத் தெரியும்? தூரம் தெரியும். எடை ஓரளவு தெரியும். மத்ததெல்லாம் இருட்டு.

அப்பவும் முன்கூட்டி கட்டியே தீருவேன்ங்கிறவங்களுக்கு: "ஓடலைன்னா பணம் வாபஸ்"னு புக்கிங்க திருவிழா நெருங்கும்போது அறிவிப்பாங்க. அதுவரைக்கும் பொறுங்க. ரேட் கொஞ்சம் குறையும், ஆனா மேல போட்ட கணக்குல அந்த 3-ல 1-ங்கிற பெருக்கல் காணாமப் போயிடும். ஈச்-வேன்னா, அதாவது ஜெயிக்கிறதுக்குப் பாதி, முதல் சில இடத்துல வர்றதுக்குப் பாதின்னு கட்டுறதா இருந்தா, எத்தனை இடம், எத்தனை பங்கு கொடுக்கிறாங்கன்னு படிச்சுப் பாருங்க, இவ்வளவு பெரிய கூட்டத்துல அது ரொம்ப முக்கியம். இழந்தா வீட்டுச் செலவு பாதிக்கும்ங்கிற பணத்தை எந்த மாசத்துலயும் கட்டாதீங்க.

லெப்பர்ட்ஸ்டவுன் பம்பர் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே ரீப்ளேவோட வரேன். அதுல முதல் நாலு இடம் வந்த குதிரைங்களை ஃபர்லாங் ஃபர்லாங்கா நிறுத்திப் பார்ப்போம். அதுவரைக்கும் மல்லின்ஸ் எத்தனை பேரை அனுப்புறார், எது மேல பேட்ரிக் ஏறுறார்னு கவனிச்சுக்கிட்டே இருங்க. நன்றி, வரேன்.