கேத்தி ஸ்டேஷனில் ஒரு மழை நாள்

(குன்னூரில் வாசகர் கூட்டம் ஒன்றில், ‘மூன்றாம் பிறை’ திரையிடலுக்கு முன் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குளிரில் கோத்தகிரியிலிருந்தும் அருவங்காட்டிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும் இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் மலையில் கேமரா வைக்காத வளைவு இல்லை. ஸ்ரீதர் 1967-லேயே ‘ஊட்டி வரை உறவு’ என்று படத்தின் பெயரிலேயே ஊரைச் சேர்த்துவிட்டார். 1992-ல் வந்த ‘ரோஜா’வில் காஷ்மீர் என்று பார்த்தோமே, அதில் ஒரு பகுதி இந்தக் குன்னூரும் ஊட்டியும்தான். காஷ்மீரில் அப்போது போய்ப் படமெடுக்கிற நிலைமை இல்லை. 1998-ல் ஷாருக்கான் ஓடுகிற ரயிலின் கூரைமேல் ஆடினார். அது நம் மலை ரயில். கதையோ வடக்கே எங்கோ நடக்கிறது.

படச்சுருள்கூட இங்கே செய்தார்கள். 1960-ல் ஊட்டியில் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸை இங்கே பலருக்கும் தெரியும். ‘இந்து’ பிலிம் வந்தது அங்கிருந்துதான். தூசியில்லாத குளிர்ந்த காற்று அந்த வேலைக்குத் தோதாக இருந்தது. இப்போது கம்பெனி இல்லை, இந்து நகர் என்ற பெயர் இருக்கிறது.

இவ்வளவும் சினிமாவுக்குக் கொடுத்தோம். ஆனால் மலை தன் பெயரோடு, தன் மனிதர்களோடு திரைக்கு வந்தது எத்தனை தடவை? எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. அதற்கு ஒரு காரணமும் உண்டு.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அம்மா இலை பறித்துக்கொண்டிருந்த சரிவில் ஷூட்டிங் வந்தது. என்ன படம், யார் படம் என்பது வேண்டாம். இலை பறித்துக்கொண்டிருந்த பெண்களையெல்லாம் ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, பிரேம்ல வர்றீங்க’ என்று ரோட்டோரம் அனுப்பிவிட்டார்கள். அப்புறம் வேனிலிருந்து இருபது பெண்கள் இறங்கினார்கள். எல்லோர் முதுகிலும் புதுக் கூடை, கண்ணில் மை. அவர்கள் தேயிலை பறிக்கிற மாதிரி ஆடினார்கள். ஒருத்திகூட கொழுந்தைக் கிள்ளவில்லை. முற்றின இலையை உருவினார்கள். அம்மா இடுப்பில் கட்டிய சாக்கோடு நின்று பார்த்துவிட்டு, ‘அடுத்த பறிப்புக்குச் செடி பாழாப் போச்சு’ என்றாள். அந்த ஆட்டக்காரப் பெண்கள்மீது எனக்குக் கோபமில்லை, அவர்களும் கூலிக்கு வந்தவர்கள்தான். அம்மாவின் கை பறிக்கிற வேகத்தை ஒரு நிமிடம் படமெடுத்திருந்தால் அந்தப் பாட்டே வேறு மாதிரி ஆகியிருக்குமே என்று இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது.

அதனால்தான் ‘மூன்றாம் பிறை’ எனக்கு இவ்வளவு பெரிய படம். 1982-ல் வந்தது. பாலு மகேந்திரா எழுதி, இயக்கி, கேமராவையும் அவரே பிடித்தார். கதாநாயகன் சீனு கேத்தியில் பள்ளி ஆசிரியர். கேத்தி அங்கே கேத்தியாகவே இருக்கிறது. மப்பும் மந்தாரமுமாக இருக்கும் வெளிச்சத்தை அவர் ஒளி போட்டுக் கெடுக்கவில்லை. மாலை நாலு மணிக்கு நம் வீட்டுக்குள் எப்படி இருக்குமோ அப்படியே அந்த வீடும் இருக்கிறது. அந்த ஒளிப்பதிவுக்கு அவருக்கும், நடிப்புக்குக் கமலுக்கும் தேசிய விருது கிடைத்தது. ‘கண்ணே கலைமானே’ கண்ணதாசன் சினிமாவுக்கு எழுதிய கடைசிப் பாட்டு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கடைசிக் காட்சியைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசுகிறேன். மழை. சேறு. விழுந்து அடிபட்ட காலோடு சீனு ஸ்டேஷனுக்கு ஓடி வருகிறான். ஜன்னலோரம் விஜி, நினைவு போய்க் குழந்தை மாதிரி இருந்தபோது அவன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட பெண். இப்போது குணமாகிவிட்டதால் அவளுக்கு இவனைத் தெரியவில்லை. அவளுக்குப் பழக்கமான குரங்காட்டத்தை ஆடிக் காட்டுகிறான். யாரோ பசியில் கேட்கிறான் என்று நினைத்து அவள் தின்பதற்கு எதையோ எறிகிறாள். கமல் அங்கே அழுது காட்டவில்லை. ஆடிக்கொண்டே இருக்கிறார், அழுகை நமக்கு வருகிறது. ஸ்ரீதேவியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்த முகத்தில் துளி அடையாளம் தெரிந்திருந்தாலும் காட்சி செத்திருக்கும். அவர் பார்வையில் ஒன்றுமே இல்லை. அதுதான் கஷ்டமான நடிப்பு என்பது என் கருத்து. ஒரு நடிகையால் இவ்வளவு நேர்மையாக வெறுமையாக இருக்க முடியும் என்று நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

இளைஞர்கள் சாய் பல்லவியைக் கேட்பீர்கள் என்று தெரியும். கோத்தகிரிப் பெண், படுகர் வீட்டுப் பிள்ளை. 2015-ல் ‘பிரேமம்’ படத்தில் முகப்பருவை மறைக்காமல் வந்து நின்றார். நம் மலையிலிருந்து ஒரு முகம் பூச்சு இல்லாமல் போய் ஜெயித்ததில் எனக்கு அளவில்லாத சந்தோஷம். அவர் படுகு பேசி நடிக்க நம் ஊர்க் கதை ஒன்று வர வேண்டும். அதை எழுதப் போகிறவர் இந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

சரி, விளக்கை அணைக்கச் சொல்கிறேன். இங்கே அந்தக் காலத்துக் கேத்தி ஸ்டேஷனைப் பார்த்த பெரியவர்கள் இருக்கிறீர்கள். படம் முடிந்ததும் எழுந்து, அந்த பிளாட்பாரத்தில் அன்று டீக்கடை எந்தப் பக்கம் இருந்தது, மழைக்கு எங்கே ஒதுங்குவீர்கள் என்று எங்களுக்குச் சொல்லுங்கள்.