அரை நாள், இரண்டு தோட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

திராட்சை விளையும் பகுதிக்கு அருகில் உள்ள பெரிய நகரம் எதற்குப் போனாலும், அங்கே அரை நாள் ஒயின் சுற்றுலா ஒன்று நடக்கும். காலையில் வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். இரண்டு மூன்று ஒயின் ஆலைகளைக் காட்டி, கொஞ்சம் கொஞ்சம் சுவைக்கக் கொடுத்து, மதியம் தாண்டியதும் நகரத்தில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அந்த நாலைந்து மணி நேரத்தில் எதைப் பார்க்கலாம், யாரிடம் என்ன கேட்கலாம் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஒரு பழத்தை வைத்துக்கொண்டு மனிதர்கள் எத்தனை முடிவுகள் எடுக்கிறார்கள் என்பதை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைக்கும் இடங்கள் குறைவு. எனக்கு இந்தச் சுற்றுலாக்கள் மேல் இருக்கும் பிரியம் அதனால் வந்தது.

இந்தத் தோட்டங்கள் நகரத்தை ஒட்டி இருப்பதற்குக் காரணம் உண்டு. ரயில் வருவதற்கு முன்பு ஒயினை வண்டியில் ஏற்றி நெடுந்தூரம் கொண்டுபோவது செலவு பிடித்த வேலை. வழியில் கெட்டும் போகும். வாங்குகிறவர்கள் நகரத்தில் இருந்தார்கள், அதனால் கொடியும் அங்கேயே வந்தது. ஆஸ்திரியாவின் தலைநகரமான வியன்னாவின் எல்லைக்குள்ளேயே இன்றைக்கும் சுமார் 600 ஹெக்டேரில் திராட்சை பயிராகிறது. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனை ஒட்டியிருக்கும் குரூட் கான்ஸ்டான்சியா தோட்டம் 1685-இல் தொடங்கியது. மெல்போர்னுக்குப் பக்கத்தில் யாரா பள்ளத்தாக்கு, சிலியின் சாண்டியாகோவுக்குப் பக்கத்தில் மைப்போ பள்ளத்தாக்கு. இவையெல்லாம் காலையில் கிளம்பி மதியம் திரும்பிவிடக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன.

சரி, சுற்றுலாவை எப்படித் தேர்ந்தெடுப்பது? பலரும் விளம்பர அட்டையில் எத்தனை ஆலை என்று பார்த்து, அதிகம் இருப்பதை எடுக்கிறார்கள். நான் இதற்கு நேர் எதிர். போக ஒரு மணி, வர ஒரு மணி என்றாலே இரண்டு மணி நேரம் சாலையில் போய்விடும். மீதியிருக்கும் நேரத்தில் மூன்று ஆலை என்றால், ஒவ்வொன்றிலும் கவுண்டர் முன்னால் நின்று ஊற்றியதைச் சுவைத்துவிட்டு ஓடி வந்து வேனில் ஏறுவதோடு சரி. இரண்டு ஆலை போதும். அதில் ஒன்றிலாவது தோட்டத்துக்குள் நடக்க விடுவார்களா, தயாரிப்புக் கூடத்தைக் காட்டுவார்களா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். "சுவைக்கும் கூடத்துக்கு மட்டும்தான் அழைத்துப் போவோம்" என்று பதில் வந்தால் வேறு சுற்றுலாவைப் பாருங்கள். வழிகாட்டியோடு போவதில் இன்னொரு நன்மை, வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டியதில்லை. இது சின்ன விஷயம் இல்லை. சுவைத்துவிட்டு ஓட்டவே கூடாது.

எந்த மாதம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் காட்சி மாறும். வட அரைக்கோளத்தில் அறுவடை பொதுவாக ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை. தெற்கே பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. அறுவடை நேரத்தில் போனால் பழம் வந்து இறங்குவதையும், தொட்டிகளில் சாறு நுரைத்துப் பொங்குவதையும் பார்க்கலாம். ஆனால் யாருக்கும் பேச நேரம் இருக்காது. குளிர்காலத்தில் கொடி மொட்டையாக நிற்கும், புகைப்படத்துக்கு ஆகாது. ஆனால் கவாத்து, அதாவது கிளைகளைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடும் வேலை, நடக்கிற காலம் அதுதான், நின்று விளக்கம் சொல்ல ஆட்களுக்கு நேரமும் இருக்கும். பச்சைப் பசேல் என்று இருக்கும் கோடையைவிடக் கவாத்துக் காலத்தில்தான் கற்றுக்கொள்ள அதிகம் கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம். ஒரு கொடியில் எத்தனை மொட்டு விடுவது என்று அந்தக் கத்தரிக்கோல்தான் முடிவு செய்கிறது. நிறைய விட்டால் கொத்து கூடும், ஆனால் எல்லாக் கொத்தும் நன்றாகப் பழுக்க இலைகளால் தாங்க முடியாமல் போகலாம். குறைத்து வெட்டினால் விளைச்சல் குறையும். ஒரு பாட்டில் ஒயினுக்கு ஏறக்குறைய ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான பழம் வேண்டும். ஆக, அந்த வெட்டில் பணமும் இருக்கிறது, ருசியும் இருக்கிறது.

தோட்டத்தில் நிற்கும்போது கொடியின் அடிப்பாகத்தைக் குனிந்து பாருங்கள். மண்ணுக்குக் கொஞ்சம் மேலே ஒரு முண்டு தெரியும். அது ஒட்டுக்கட்டிய இடம். 1860-களில் வட அமெரிக்காவிலிருந்து ஃபிலாக்சரா என்ற கண்ணுக்குத் தெரிவதே சிரமமான பூச்சி பிரான்சுக்கு வந்து சேர்ந்தது. வேரைத் தாக்கும் பூச்சி. அடுத்த சில பத்தாண்டுகளில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அது அழித்துவிட்டது. என்னென்னவோ மருந்தெல்லாம் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் தீர்வு, பூச்சி வந்த இடத்திலேயே கிடைத்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர் அந்தப் பூச்சியைத் தாங்கும். அதை வேர்ச்செடியாக வைத்து, மேலே ஐரோப்பிய வகையை ஒட்டுக்கட்டினார்கள். இன்று உலகத்தின் பெரும்பாலான ஒயின் திராட்சைக் கொடிகள் இப்படி இரண்டு செடிகள் சேர்ந்தவைதான். சிலி நாடும், ஆஸ்திரேலியாவில் தெற்கு ஆஸ்திரேலியா என்ற மாநிலமும் தப்பிய இடங்கள். அங்கே சொந்த வேரில் நிற்கும் மிகப் பழைய கொடிகள் இன்னும் உண்டு. ஆனால் பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் இருக்கும் யாரா பள்ளத்தாக்கில் 2006-இல் அந்தப் பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. பூச்சி மண்ணோடு ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். அதனால்தான் சில இடங்களில் வரிசைகளுக்குள் நடக்காதீர்கள் என்பார்கள், அல்லது செருப்பின் அடியை மருந்துத் தண்ணீரில் நனைத்துவிட்டு உள்ளே வரச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் முகம் சுளிக்காமல் செய்யுங்கள். முந்தின நாள் வேறொரு தோட்டத்துக்குப் போயிருந்தால் அதையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

சில தோட்டங்களில் ஒவ்வொரு வரிசையின் முனையிலும் ரோஜாச் செடி இருக்கும். அழகுக்குத்தான் என்று தோன்றும். சாம்பல் நோய் மாதிரியான பூஞ்சைத் தொல்லை ரோஜாவில் முதலில் தெரிந்து எச்சரிக்கை கொடுக்கும் என்பது பழைய நம்பிக்கை. இப்போது பெரும்பாலும் வழக்கத்துக்காக வைக்கிறார்கள்.

அப்புறம் தயாரிப்புக் கூடம். இங்கே ஒரு கறுப்புத் திராட்சையைக் கொடுத்தால் நசுக்கிப் பாருங்கள். பெரும்பாலான வகைகளில் உள்ளே இருக்கும் சாறு நிறமற்றதாகத்தான் இருக்கும். சிவப்பு ஒயினின் சிவப்பு முழுக்கத் தோலிலிருந்து வருகிறது. தோலை உடனே பிரித்துவிட்டால் கறுப்புத் திராட்சையிலிருந்தே வெள்ளை ஒயின் வரும். பிரான்சின் நுரைக்கும் ஒயினான ஷாம்பெயினில் பாதிக்கு மேல் கறுப்புத் திராட்சையிலிருந்து வருவது இப்படித்தான். சில மணி நேரம் மட்டும் தோலோடு வைத்தால் ரோசே என்ற இளஞ்சிவப்பு ஒயின். ஒன்றிரண்டு வாரம் வைத்தால் சிவப்பு. நிறத்தோடு டானின் என்ற துவர்ப்புப் பொருளும் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்குகிறது. நாக்கை இழுத்துப் பிடிப்பதுபோல் இருக்குமே, அதுதான். நம் எச்சிலில் இருக்கும் புரதத்தோடு டானின் சேர்ந்துகொள்வதால் வாய் வழவழப்பை இழந்து வறண்டதுபோல் ஆகிறது.

நொதிக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் தருகிறது. அந்த வாயு தோல்களை மேலே தள்ள, தொட்டியின் மேல்பரப்பில் கனமான ஓர் அடை மிதக்கும். அதை நாளுக்குச் சில முறை கீழே அமுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நிறமும் சரியாக இறங்காது, அடையும் கெட்டுப்போகும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தங்கிவிடும். அறுவடைக் காலத்தில் வழிகாட்டி "இந்தக் கதவைத் தாண்டாதீர்கள்" என்றால் அது உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கை.

பீப்பாய் அறையில் பெரும்பாலும் 225 லிட்டர் ஓக் பீப்பாய்களைப் பார்ப்பீர்கள். பிரான்சின் ஒயின் பகுதியான போர்டோவில் வழக்கமான அளவு அது. ஒரு பீப்பாய்க்கு 300 பாட்டில். பீப்பாய் செய்யும்போது உள்பக்கத்தை நெருப்பில் வாட்டுவார்கள். புதுப் பீப்பாய் வெனிலா, கிராம்பு, புகை போன்ற வாசனைகளைக் கொடுக்கும். பழையது அவ்வளவாகக் கொடுக்காது, மெதுவாகக் காற்றை மட்டும் உள்ளே விடும். புதிது எத்தனை, பழையது எத்தனை என்று கேளுங்கள். ஏன் அந்தக் கணக்கு என்றும் கேளுங்கள். என் அனுபவத்தில் ஒயின் செய்கிறவர்களுக்குப் பிடித்த கேள்வி இந்த "ஏன்" தான். எந்தத் தேதியில் பறித்தீர்கள், ஏன் அன்றைக்கு? ஒரு வாரம் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், புளிப்பு இறங்கிக்கொண்டே போகும், நடுவில் மழை வந்தால் பழம் வெடித்து அழுகும். இதையெல்லாம் வைத்து ஒருவர் ஒரு நாள் காலை "இன்றைக்குப் பறித்துவிடலாம்" என்று சொல்லியிருக்கிறார். அந்த முடிவைத்தான் உங்கள் கிளாஸில் ஊற்றப்போகிறார்கள்.

சுவைக்கும் கூடத்துக்கு வந்தால் பலருக்கும் ஒரு தயக்கம் வந்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர் "செர்ரி, புகையிலை, ஈர மண்" என்று அடுக்கிக்கொண்டே போவார். நமக்கு எதுவும் தெரியாது. வருத்தப்பட வேண்டாம். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், போர்டோவில் ஒயினியல் படிக்கும் 54 மாணவர்களுக்கு வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய வாசனைகளால் வர்ணித்தார்கள். படித்தவர்களின் மூக்கையே கண் இழுத்துக்கொண்டு போகும்போது, முதல் முறை போகிற நாம் கூச்சப்பட என்ன இருக்கிறது? உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறதோ அதைச் சொல்லுங்கள். கிளாஸைத் தண்டில் பிடியுங்கள், கைச்சூடு ஏறாது. லேசாகச் சுழற்றி மோந்து பாருங்கள், பிறகு ஒரு சிறு மிடறு எடுத்து வாய் முழுக்கப் பரவ விடுங்கள். அன்றைக்கு மட்டும் சென்ட் பூசாமல் போவது எல்லோருக்கும் செய்யும் உபகாரம். கிளாஸின் உள்பக்கம் வழியும் கோடுகளைக் காட்டி இது உயர்தரத்தின் அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆல்கஹால் வேகமாக ஆவியாவதால் பரப்பு இழுவிசையில் வரும் வேறுபாடுதான் அந்தக் கோடுகளை உண்டாக்குகிறது என்று பொறியியலாளர் ஜேம்ஸ் தாம்சன் 1855-லேயே விளக்கிவிட்டார்.

துப்புவதைப் பற்றியும் பேசியாக வேண்டும். மேஜையில் ஒரு வாளியோ ஜாடியோ இருக்கும், சுவைத்துவிட்டு அதில் துப்பலாம். மீதியை ஊற்றியும் விடலாம். தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் துப்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு முறைக்கு 30 மில்லி, ஒரு ஆலையில் ஐந்து ஒயின், மூன்று ஆலை என்றால் 450 மில்லி. ஒரு பாட்டிலில் இருப்பதே 750 மில்லி. அரை பாட்டிலுக்கு மேல், அதுவும் மதிய உணவுக்கு முன்பே! துப்பினால்தான் கடைசி ஒயினையும் முதல் ஒயின் அளவு கவனத்தோடு சுவைக்க முடியும். அதைவிட முக்கியமாக, உடல்நலத்துக்குப் பாதகமில்லாத மது அளவு என்று எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. வெறும் வயிற்றில் போகாதீர்கள், இடையிடையே தண்ணீர் குடியுங்கள். கர்ப்பிணிகளும், மதுவோடு சேரக் கூடாத மருந்து எடுப்பவர்களும், குடிப்பதை விட்டுவிட்டவர்களும் சுவைக்கவே வேண்டாம். குடிக்காதவர்கள் வரலாமா என்று கேட்டால், தாராளமாக வரலாம். தோட்டமும் தயாரிப்புக் கூடமும் எல்லோருக்கும் பொதுதானே. பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால், சுவைக்காதவருக்குக் கட்டணம் குறைவா என்று தெரிந்துகொள்ளலாம்.

கடைசியில் வாங்கும் நேரம். நல்ல மனநிலையில், நல்ல காட்சிக்கு முன்னால், அதைச் செய்தவரே எதிரில் நிற்கும்போது எந்த ஒயினும் நன்றாகத்தான் இருக்கும். வாங்கியே ஆக வேண்டும் என்ற கடமை இல்லை. சுவைத்துப் பார்க்கத்தான் கட்டணம் கொடுத்து வந்திருக்கிறோம். பிடித்திருந்தால், வெளியே கடைகளில் எளிதாகக் கிடைக்காத ஒன்றாகப் பார்த்து வாங்குங்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் பின்பெட்டியில் பாட்டிலைப் போட்டு வைக்காதீர்கள், சூடு ஒயினைக் கெடுத்துவிடும். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகப் பெரும்பாலும் விட மாட்டார்கள், துணி சுற்றிப் பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். உங்கள் நாட்டில் எத்தனை பாட்டில் கொண்டுவரலாம் என்ற சுங்க விதியைக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தக்கை போட்ட பாட்டில் என்றால் படுக்கை வசமாக வையுங்கள், தக்கை காயாமல் இருக்கும்.

பழசாகப் பழசாக ஒயின் சிறக்கும் என்று பரவலாக நம்புகிறோம். சில ஒயின்களுக்குத்தான் அது பொருந்தும். பெரும்பாலானவை சில வருடங்களுக்குள் திறப்பதற்காகவே செய்யப்படுகின்றன. அதனால் பணம் கொடுக்கும்போது இன்னும் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: இதை எப்போது திறக்கலாம்? செய்தவருக்கு அதற்கும் பதில் தெரியும். வருடத்தை ஒரு சீட்டில் எழுதி பாட்டிலில் ஒட்டிவிட்டு வேனில் ஏறுங்கள்.

நன்றி, வணக்கம்.