மாலுக்கு முன் குழாய், குழாய்க்கு முன் பத்திரம்

(தென்னாப்பிரிக்கா, ஸ்டாங்கர் நகரத் தமிழ் வியாபாரிகளும் கட்டட உரிமையாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, கடைக்காரர்களே, நகர நடுவில் கட்டடம் வைத்திருக்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

ஸ்டாங்கரில் எந்தக் கூட்டம் போட்டாலும் முதலில் எழும் கேள்வி, "நம்ம ஊருக்கு ஒரு பெரிய மால் வராதா?" என்பதுதான். உம்லாங்காவில் 2001-இல் திறந்த கேட்வே மாலைப் பார்க்கிறோம். பக்கத்திலேயே பாலிட்டோவில் 2017-இல் விரிவாக்கித் திறந்த மாலைப் பார்க்கிறோம். ஆசை வருவது இயல்பு. ஆனால் அந்த இரண்டும் கார் வைத்திருப்பவர்களை நம்பிக் கட்டியவை. இங்கே சாமான் வாங்க வருபவர் யார்? ஆர்74 சாலையில் மாப்புமுலோ, கிரான்ஸ்கோப் பக்கமிருந்தும், வடக்கே மண்டேனியிலிருந்தும் மினிபஸ் டாக்ஸியில் பதினைந்து பேரோடு நெருக்கி உட்கார்ந்து வருபவர். ஆஸ்பத்திரிக்கு வந்தவர், பென்ஷன் எடுக்க வந்தவர், பள்ளிக்கூட யூனிபார்ம் வாங்க வந்தவர்.

மாதத் தொடக்கத்தில் அரசு உதவித்தொகை மூன்று நாட்களில் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. முதல் நாள் முதியோருக்கு, அடுத்த நாள் உடல் ஊனமுற்றோருக்கு, மூன்றாம் நாள் குழந்தைகளுக்கு. அந்த நாட்களில் கிங் ஷாகா தெருவில் நின்று பார்த்தால் இந்த ஊரின் வணிகம் எதில் ஓடுகிறது என்று சொல்லித்தர ஆள் தேவையில்லை. ஒரு தோளில் பத்து கிலோ மீலி (மக்காச்சோள) மாவு, ஒரு கையில் எண்ணெய் கேன், முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை. அந்த அம்மா இந்தச் சுமையோடு முந்நூறு நானூறு மீட்டருக்கு மேல் நடக்கமாட்டார். அதனால் கனமான சாமானைக் கடைசியில்தான் வாங்குவார். துணி, செருப்பு, மருந்து, செல்போன் கார்டு எல்லாம் கை காலியாக இருக்கும்போதே வாங்கிவிடுவார். சில்லறை வணிகத்தைப் பற்றி நகரசபை தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இதற்குள் அடங்கிவிடுகிறது.

ஆகவே பெரிய சூப்பர்மார்க்கெட்டை எங்கே வைப்பது என்பதை, எந்த நிலம் மலிவு என்று பார்த்து முடிவு செய்யக்கூடாது. மினிபஸ்கள் வந்து நிற்கும் டாக்ஸி ரேங்க்கிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். ரேங்க்கை ஒட்டியே வைத்தால், இறங்கியவர் உள்ளே போய் வாங்கி அப்படியே ஏறிப் போய்விடுவார். தெருவுக்கு ஒரு ராண்ட் கூட வராது. என்2 நெடுஞ்சாலை ஓரத்தில் வைத்தால் அவர் இன்னொரு டாக்ஸிக்குக் காசு கொடுக்க வேண்டும். அல்லது சில வருடங்களில் ரேங்க்கே அங்கே நகர்ந்துவிடும், பழைய தெரு வெறிச்சோடிப் போகும். ரேங்க் ஒரு முனை, சூப்பர்மார்க்கெட் மறுமுனை, இடையில் முந்நூறு மீட்டருக்குள் நம் கடைகள் என்று அமைவதுதான் சரி. அந்த முந்நூறு மீட்டரில் நடைபாதை உடையாமல் இருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், மழைக்கு ஒதுங்கத் தாழ்வாரம் இருக்க வேண்டும்.

நடைபாதையில் காய்கறி, பழம் விற்பவர்களை அப்புறப்படுத்திவிட்டால் பெரிய கம்பெனிகள் வரும் என்று சிலர் சொல்கிறார்கள். டர்பன் வார்விக்கில் நடந்ததை நினைவில் வையுங்கள். 1910 முதல் நடந்துவரும் அதிகாலைச் சந்தை அது. நம் முன்னோர் தோட்டம் போட்டு விளைவித்ததைக் கொண்டுபோய் விற்ற இடம். 2009-இல் அங்கே மால் கட்ட நகரசபை திட்டம் போட்டது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், வழக்குகள் வந்தன, கடைசியில் 2011-இல் நகரசபையே அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. மால் வரவில்லை, ஆண்டுகள் வீணாயின. தெருவோர வியாபாரிக்கு இடம் குறித்துக் கொடுத்து, தண்ணீர்க் குழாயும் சாமான் பூட்டி வைக்கும் அறையும் கொடுத்து, நடப்பவருக்கு இரண்டு மீட்டர் பாதையை விட்டுவைப்பது அதைவிட எவ்வளவோ மலிவு.

சரி, இடம் எங்கிருந்து வரும்? நகர நடுவில் காலி நிலம் கிடையாது. இருப்பது நம் பழைய மனைகள்: கீழே கடை, மேலே வீடு, பின்னால் கழிவுச் சந்து. நாலு மனையைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுவோம். ஒவ்வொன்றும் 15 மீட்டர் அகலம், 45 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2,700 சதுர மீட்டர். எழுபது சதவீதம் கட்டலாம் என்றால் 1,890 சதுர மீட்டர். சிறுநகரத்து சூப்பர்மார்க்கெட் ஒன்றுக்கு இது போதும். ஆனால் நூறு சதுர மீட்டருக்கு நாலு கார் நிறுத்தம் வேண்டும் என்று விதி சொன்னால் 76 நிறுத்தங்கள் தேவை. ஒரு கார் நிற்க 2.5க்கு 5 மீட்டர். உள்ளே வர, திரும்ப வழியையும் சேர்த்தால் ஒரு காருக்கு 25 சதுர மீட்டர். ஆக 1,900 சதுர மீட்டர். மீதி இருப்பதோ 810! கடை எவ்வளவு பெரிதோ, கார் நிறுத்தமும் அவ்வளவு பெரிதாகக் கேட்கிறது. திட்டம் இங்கேதான் படுத்துவிடுகிறது. கட்ட வந்தவர் ஊருக்கு வெளியே கரும்புக் காட்டுப் பக்கம் போய்விடுகிறார். டாக்ஸியில் வருபவரை நம்பி நடக்கும் தெருவில் இந்த விதியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி நகரசபையிடம் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. சரக்கு லாரிக்கு வேண்டிய இடத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த நாட்டில் லாரியின் நீளம் 22 மீட்டர் வரை இருக்கலாம். அது பின்னால் வந்து திரும்ப இடமில்லை என்றால், தினமும் காலையில் கிங் ஷாகா தெருவை அடைத்துக்கொண்டுதான் சரக்கு இறக்கும்.

நாலு மனையைச் சேர்ப்பது வரைபடத்தில் ஒரு கோடு. நடைமுறையில் அது நாலு குடும்பம். தாத்தா பெயரிலேயே இன்னும் பத்திரம் இருக்கும். அவர் காலமாகி முப்பது வருடம் ஆகியிருக்கும். வாரிசுகளில் ஒருவர் லண்டனில், ஒருவர் பெர்த்தில். வாடகையை மூத்த மகன் வாங்கிக்கொண்டிருப்பார், யாரும் கேட்கமாட்டார்கள். விற்பது அல்லது அடகு வைப்பது என்று வரும்போது வங்கி கேட்கும் முதல் தாள், இறந்தவர் சொத்தை நிர்வகிக்க உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் கொடுக்கும் நிர்வாகி நியமனக் கடிதம். அது இல்லாவிட்டால் எந்தக் கையெழுத்தும் செல்லாது. ஆகவே முதல் வேலை, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் உங்கள் டைட்டில் டீட் நகலை எடுத்துப் படிப்பது. யார் பெயரில் இருக்கிறது, பாண்டு, அதாவது அடமானக் கடன், மிச்சம் இருக்கிறதா, கட்டுப்பாட்டு நிபந்தனை எதுவும் உண்டா என்று பாருங்கள். "இந்த மனையில் ஒரு குடியிருப்பு மட்டுமே" என்பது போன்ற பழைய நிபந்தனையை நீக்க ஸ்ப்ளூமா எனப்படும் 2013-ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு மாதங்கள் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே தொடங்க வேண்டும். மனைகளை ஒன்றாக்க விருப்பமில்லாத குடும்பங்கள் நோட்டேரியல் டை என்ற பதிவு செய்த ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். மனைகள் தனித்தனியாகவே இருக்கும், ஆனால் ஒன்றை மட்டும் பிரித்து விற்க முடியாது.

தாழ்வாரத் தூண்களையும் பாருங்கள். பழைய கடைகளில் அவை நடைபாதையில், அதாவது நகரசபை நிலத்தில் நிற்கும். அப்படி நிற்க நகரசபை அனுமதிக்கும் ஆக்கிரமிப்பு ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். கட்டடத்துக்கு அறுபது வயது தாண்டிவிட்டால் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் மாகாண மரபு நிறுவனமான அமாஃபாவின் அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது. முகப்பையும் தாழ்வாரத்தையும் வைத்துக்கொண்டு பின்பக்கத்தைப் புதிதாகக் கட்டுகிறோம் என்று போனால் பேச்சு சுலபமாக முடியும். அந்தத் தாழ்வாரம் வெயிலுக்கும் மழைக்கும் நமக்கே வேண்டியதுதான்.

பத்திரத்துக்குப் பிறகு குழாய். இங்கே வெளியூர்க்காரர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நிலப் பயன்பாடு, கட்டட பிளான், மின்சாரம் மூன்றுக்கும் ஸ்டாங்கரை நிர்வகிக்கும் க்வாடுகூசா நகரசபையிடம் போக வேண்டும். தண்ணீரும் கழிவுநீரும் இலெம்பே மாவட்ட நகராட்சியின் பொறுப்பு. ஒரு கையெழுத்து வாங்கிவிட்டு மற்றதை மறந்தால், கட்டடம் எழும்பி நிற்கும், கழிவுநீர் இணைப்பு இருக்காது. குளிர்பெட்டிகள் உள்ள சூப்பர்மார்க்கெட்டுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 100 வோல்ட்-ஆம்பியர் மின்சுமை என்று முதல் கணக்குப் போடுவார்கள். அப்படியானால் நம் 1,890 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 190 கிலோ வோல்ட்-ஆம்பியர். அந்தத் தெரு டிரான்ஸ்பார்மரில் அவ்வளவு மிச்சம் இருக்கிறதா? இதை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கழிவுநீர்க் குழாய் அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் கொழுப்பு. எண்ணெயில் பொரித்து விற்கும் கடை, ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌ கடை, இறைச்சிக் கடை மூன்றும் ஒரே சந்தில் இருந்து, கொழுப்புத் தடுப்புத் தொட்டி இல்லாவிட்டாலோ, இருந்தும் சுத்தம் செய்யாவிட்டாலோ, மாதத் தொடக்கத்துக் கூட்டத்தில்தான் அது பொங்கி வழியும்.

சட்டப்படி மனைக்குள் போடும் குழாய், சாலை எல்லாம் கட்டுபவர் செலவு. வெளியே உள்ளவை நகராட்சியின் பொறுப்பு. அதற்காகக் கட்டுபவரிடம் வளர்ச்சிக் கட்டணம் வாங்கலாம். எங்கள் பரிந்துரை இது: வரிச் சலுகை கொடுத்து ஆள் பிடிக்கும் காசை, அந்த முந்நூறு மீட்டரில் குழாய் மாற்றுவதில் போடச் சொல்லுங்கள். வரிச் சலுகையோடு வந்தவர் அது தீர்ந்ததும் கிளம்பிவிடலாம். குழாய் கிளம்பாது.

அனுமதி விஷயத்தில் காலக்கெடுகளை மனதில் வையுங்கள். 500 சதுர மீட்டருக்குக் கீழ்ப்பட்ட கட்டட பிளானுக்கு 30 நாளிலும், அதற்கு மேற்பட்டதற்கு 60 நாளிலும் நகரசபை முடிவு சொல்ல வேண்டும். பிளான் கிடைத்துப் பன்னிரண்டு மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அது காலாவதி ஆகும். நிபந்தனையோடு கிடைத்த நிலப் பயன்பாட்டு அனுமதி, ஐந்து வருடத்தில் நிபந்தனைகளை நிறைவேற்றாவிட்டால் போய்விடும். பிளான் வருமுன் கட்டத் தொடங்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. 1977-ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம் அதற்கு விதித்த அபராதம் நாளுக்கு நூறு ராண்ட்தான், சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் டோங்காட்டில் கட்டிக்கொண்டிருந்த மாலுக்கும் பிளான் அனுமதி இல்லை. வேலையை நிறுத்தச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வந்த பிறகும் வேலை நடந்தது. 2013 நவம்பர் 19 அன்று அது சரிந்து இரண்டு பேர் செத்தார்கள், 29 பேர் காயமடைந்தார்கள். இங்கிருந்து அரை மணி நேரப் பயண தூரம்.

இனி வாடகை ஒப்பந்தம். வங்கிக் கடன் கிடைக்க, பெரிய கம்பெனி ஒன்று கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அவர்களுக்கும் இது தெரியும். அதனால் சதுர மீட்டருக்குக் குறைந்த வாடகை, பத்து வருட ஒப்பந்தம், மேலும் நீட்டிக்கும் உரிமை என்று கேட்பார்கள். கொடுக்கலாம். கொடுக்கக் கூடாதது, "இந்தக் கட்டடத்தில் வேறு யாரும் இறைச்சி, ரொட்டி, மளிகை விற்கக்கூடாது" என்ற தனியுரிமை ஷரத்து. வணிகப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் போட்டி ஆணையம் மளிகைச் சில்லறை வணிகத்தை விசாரித்து 2019-இல் வெளியிட்ட அறிக்கை, சிறு வணிகர்களுக்கு எதிராக அந்த ஷரத்தைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்தச் சொன்னது. மசாலாக் கடையும் ஹலால் இறைச்சிக் கடையும் வைத்திருப்பவர்கள் பழைய ஒப்பந்தங்களை வக்கீலிடம் காட்டிப் பார்ப்பது நல்லது. கலவரச் சேதத்தைச் சாதாரண காப்பீடு ஏற்காது, அதற்கென்றே உள்ள சாஸ்ரியா என்ற அரசுக் காப்பீடு தனியாக வேண்டும் என்பதை 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தெருவைச் சுத்தமாகவும் பாதுகாப்பாகவும் வைக்க, சொத்துவரிச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு ஒரு வழி தருகிறது. ஒரு பகுதியைச் சிறப்பு வரிப் பகுதியாக அறிவித்து, அங்கிருப்பவர்களிடம் கூடுதல் வரி வாங்கி, அதைத் தனிக் கணக்கில் வைத்து அந்தப் பகுதிக்கே செலவிடலாம். கூடுதல் வரி கட்ட வேண்டியவர்களில் பெரும்பான்மையோர் சம்மதிக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் வாரிசுகளின் சம்மதம் வாங்குவதுதான் இதில் கடினம். திரும்பவும் பத்திரத்திலேயே வந்து நிற்கிறோம்.

நகரசபை தன் நிலத்தை விற்பதாக இருந்தால், அடிப்படைச் சேவைக்கு அது தேவையில்லை என்று பொதுமக்கள் முன்னிலையில் நடக்கும் கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும், சந்தை விலையைக் கணக்கில் எடுக்க வேண்டும். மூன்று வருட பட்ஜெட்டுக்கு அப்பாலும் நகரசபைக்குச் செலவு வைக்கும் ஒப்பந்தம் என்றால், கூட்டத்துக்கு 60 நாள் முன்பே வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். டாக்ஸி ரேங்க் நிலத்தைப் பற்றி அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் வரும். சங்கத்தில் ஒருவரை அதைப் பார்ப்பதற்கென்றே நியமியுங்கள்.

நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. பட்ஜெட் வரைவு மார்ச் முடிவதற்குள் சபையில் வைக்கப்படும், மே முடிவதற்குள் ஒப்புதலுக்கு வரும். ஆகவே எழுதிக் கொடுக்க வேண்டிய மாதம் ஏப்ரல். கடிதத்தில் மூன்று கோரிக்கை போதும்: ரேங்க்கிலிருந்து கிங் ஷாகா தெரு வரை நடைபாதையும் விளக்கும், அந்தத் தெருவின் கழிவுநீர்க் குழாயின் கொள்ளளவு பற்றி இலெம்பேயின் எழுத்துப் பதில், நகர மையத்துக்குக் கார் நிறுத்த விதியில் தளர்வு. எந்த வார்டு, எத்தனை மீட்டர், எந்த மனை எண்கள் என்று குறிப்பிடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிச் சங்கக் கோப்பில் வையுங்கள்.