அடிப்படை அறிவியலே வேலைக்கும் கைகொடுக்கும்

நடுவர் அவர்களே, வணக்கம். பல்கலைக்கழகம் முதலில் சொல்லித்தர வேண்டியது அடிப்படை அறிவியலையா, இன்று வேலை தரும் மென்பொருள் கருவிகளையா என்பது தலைப்பு. "கம்பெனி கேட்பதைக் கற்றுக்கொடுங்கள், மீதியை மாணவர்கள் தானாகவே படித்துக்கொள்வார்கள்" என்றார் எதிரணித் தோழர். சரி, கம்பெனி எப்போது கேட்பதை? படிப்பில் சேரும்போதா, நாலு வருடம் கழித்து வெளியே வரும்போதா?

ஃபிளாஷ் என்ற மென்பொருள் ஞாபகம் இருக்கிறதா? ஒரு காலத்தில் இணையத்தில் அசைகிற படம், விளையாட்டு என்றாலே அதுதான். 2020 டிசம்பரோடு அடோபி நிறுவனம் அதற்கு மூடுவிழா நடத்திவிட்டது. ஆனால் அந்தப் படங்களை அசைத்த வடிவியலும் அணிக் கணிதமும் (மேட்ரிக்ஸ்) இன்றைய விளையாட்டுகளிலும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

கருவி தெரிந்தால் போதும் என்பவர்கள் பைத்தான் என்ற நிரல் மொழியைத் திறந்து 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள். 0.3 வராது, 0.30000000000000004 என்று வரும். பத்தில் ஒன்றைக் கணினியின் இரும எண்ணில், அதாவது 0, 1 மட்டும் வைத்து, எழுதினால் முடிவில்லாமல் நீளும், எங்காவது வெட்டித்தான் ஆகவேண்டும். இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும். 1991 வளைகுடாப் போரில், சவூதியின் தஹ்ரானில் இருந்த பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு பத்தில் ஒரு நொடி வீதம் நேரத்தை எண்ணியது, அதே வெட்டு அங்கே 24 பிட்டில், அதாவது 24 இரும இலக்கத்தில், நடந்தது, சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் கணக்கு மூன்றில் ஒரு நொடி பிசகிவிட்டது. அந்த இடைவெளியில் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். தடுப்பு அமைப்பு தப்பான இடத்தில் தேடியது. 28 வீரர்கள் செத்தார்கள். அந்த நிரலை எழுதியவர்களுக்கு நிரல் எழுதத் தெரியாமலா இருந்திருக்கும்?

இப்போது நிரலை எழுதித் தர சாட்ஜிபிடியே இருக்கிறது. அது தந்தது சரியா தப்பா என்று கண்டுபிடிக்கிற ஆளுக்குத்தானே இனி சம்பளம்? அந்தச் செயற்கை நுண்ணறிவுக்கே வேர் எங்கே என்று பாருங்கள். 2024 இயற்பியல் நோபலைச் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஹின்டனோடு பகிர்ந்துகொண்ட ஹாப்ஃபீல்ட் ஓர் இயற்பியலாளர், மூளையின் நரம்பு வலையைப் பார்த்து அமைத்த அவருடைய 1982 நியூரல் நெட்வொர்க் மாதிரி காந்தப் பொருள்களின் இயற்பியலை ஒட்டிப் பிறந்தது.

கருவியே வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. அதற்கு இடம் கொடுக்க நிகழ்தகவையும், இப்படி வெட்டுவதால் வரும் பிழையைக் கணிக்கிற எண்ணியல் கணிதத்தையும் பாடத்திட்டத்திலிருந்து தூக்காதீர்கள் என்கிறோம். மீதியைத் தானாகப் படித்துக்கொள்வார்களாம்! வேலைக்குப் போன பின் ஒரு புது நிரல் மொழியை இரவில் உட்கார்ந்து பழகிவிடலாம். அந்த அணிக் கணிதம் அடங்கிய நேரியல் இயற்கணிதத்தை அப்படி, நாள் முழுக்க வேலை பார்த்த பிறகு, சொல்லித்தர ஆளில்லாமல் முதலிலிருந்து படித்து முடித்தவர்கள் எத்தனை பேர் என்று இந்த அவையே சொல்லட்டும்.