நடுவயதில் பாட வந்தவரை வளர்ப்பது கொயரே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"நடுவயதில் மறுபடி பாட வருகிறவருக்குக் கைகொடுப்பது தனிப் பயிற்சியா, கொயர் என்கிற சபைப் பாடகர் குழுவா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை அடுக்கிவிட்டுப் போனார். கொயரில் தப்பு கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்துகொள்ளுமாம், பாட்டு வாத்தியாரிடம் போனால் உடனே பிடிபடுமாம். வாரத்துக்கு ஒரு நாள் பிராக்டிஸ், அதிலும் பாதி நேரம் டீயும் பிஸ்கட்டுமாம். அரைகுறைக் குரல்கள் சேர்ந்தால் ஆராதனையே கெட்டுப்போகுமாம். டீ, பிஸ்கட்டை நான் மறுக்கவில்லை ஐயா. மற்றதைப் பார்ப்போம்.

பள்ளிக்கூடத்தில் பாடியவர், வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று இருபது வருஷத்துக்கு மேல் விட்டுவிட்டு நாற்பத்தைந்தில் வருகிறார். மேல் சுரங்கள் சுருங்கியிருக்கும். ஒரு வரி முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். இவரைத் தனியாக உட்கார வைத்து இரண்டு ஸ்தாயி பாடச் சொன்னால் மூன்றாம் வாரம் வரமாட்டார். சபையில் பாடும் பாமாலையின் ஆல்ட்டோ வரியை, அதாவது பெண்களின் கீழ்க்குரல் வரியை, எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்தாறு சுரங்களுக்குள்ளேயே நடமாடும். இன்றைக்கு இருக்கும் குரலை வைத்துக்கொண்டே இன்றைக்கே பாடலாம்.

சின்ன வரி என்றால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பாமாலையின் கடைசி இரண்டு சுரங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். நம் ஸ ரி க ம ப த நி போல அங்கே டோ ரே மி ஃபா சோ லா டீ. பாடுவது நாலு பார்ட், அதாவது நாலு குரல் வரிசை: பெண்களில் மேல்குரல் சொப்ரானோ, கீழ்க்குரல் ஆல்ட்டோ; ஆண்களில் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ். வழக்கமான முடிவு இது: சொப்ரானோ ரே–டோ, டெனர் டீ–டோ, பேஸ் சோ–டோ, ஆல்ட்டோ ஃபா–மி. மூன்று பார்ட்டும் டோவில் போய் உட்கார, ஆல்ட்டோ மட்டும் மியில் நிற்க வேண்டும். அந்த மி சரியாக நின்றால்தான் அது மேஜர் என்கிற மலர்ந்த ஒலி. கொஞ்சம் தொய்ந்தால் முடிவே வாடிப்போகும். புதிதாக வந்தவர் என்ன செய்வார்? சொப்ரானோவின் மெட்டு காதை இழுக்க, அவரும் டோவுக்கே ஓடிவிடுவார். மருந்து இதுதான்: ஃபாவிலிருந்து மி அரை சுரம்தான், அதற்கு மேல் இறங்காதே. முதலில் பேஸுடன் மட்டும் சேர்த்துப் பாட வைப்பார்கள், பிறகு டெனர், கடைசியில்தான் சொப்ரானோ. இழுப்பு அதிகமுள்ள குரலோடு கடைசியில் மோதுவதுதான் முறை. எதிரில் இழுக்க ஆள் இல்லாத தனி அறையில் இந்தப் பயிற்சியை எப்படிச் செய்வது, எதிரணி சொல்லட்டும்.

ஆண்களின் கோளாறு வேறு. "நான் பேஸ்" என்று வந்து நிற்பவர் பலர் சொப்ரானோ மெட்டையே ஒரு ஸ்தாயி கீழே பாடிக்கொண்டிருப்பார்கள். சபையில் உட்கார்ந்து பாடிய பழக்கம் அது. கீபோர்டில் சுரத்தைக் கொடுத்துப் "பிடி" என்றால் பிடிக்காது. தலைகீழாகச் செய்ய வேண்டும்: அவரை வசதியாக ஒரு சுரம் ஹம் பண்ணச் சொல்லி, கொயரை நடத்தும் மாஸ்டர் அதைக் கீபோர்டில் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒவ்வொரு சுரமாக நடத்திப் போக வேண்டும். இடையில் ஒரு வார்த்தை, கீபோர்டு வாசிக்கும் தம்பிகளுக்கு: சபையார் வசதிக்கென்று சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை நாலு தட்டுத் தட்டிக் கீழே இறக்குகிறீர்களே, பேஸின் கீழ் எஃப் என்ற சுரம் அப்போது இன்னும் கீழே சி ஷார்ப் ஆகிவிடுகிறது. அதைப் பாட நம் ஊரில் ஆள் கிடையாது. பேஸ் வரிசை முணுமுணுப்பதற்குப் பாதிக் காரணம் நீங்கள்தான்.

மூச்சுக்கு வருவோம். தனிப் பாடகருக்கு மூச்சு தீர்ந்தால் வரி அறுந்துபோகும். கொயரில் மாற்றி மாற்றி மூச்சு எடுக்கலாம். பக்கத்தில் இருப்பவர் வரி முடிவில் எடுத்தால், நீங்கள் நீண்ட சுரத்தின் நடுவில் எடுங்கள். உயிரெழுத்தை மெல்லத் தேயவிட்டு, மெல்லவே திரும்பி நுழைய வேண்டும். திரும்பும்போது மெய்யெழுத்தை மறுபடி தட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் எடுத்தால் ஓட்டை விழும். அதனால் பிராக்டிஸிலேயே பேசிக் குறித்துக்கொள்வார்கள். நாற்பத்தைந்து வயது நுரையீரலுக்கு இதைவிடப் பெரிய சலுகை உண்டா?

எதிரணி அம்மா ஒருவர் சுருதிப் பெட்டியைப் புகழ்ந்தார். நல்ல பொருள்தான். ஆனால் அது நம்மை ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பதால், எங்கே இறங்குகிறோம் என்பதே தெரியாமல் போகும். கீபோர்டு இல்லாமல் நாலு சரணம் பாடிப் பாருங்கள். அரை சுரம் இறங்கியிருப்பது சகஜம். ஒரே சுரம் நாலைந்து தடவை திரும்ப வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சரியும். ஏறும்போது படியைக் குறைத்து ஏறுவோம், இறங்கும்போது கூட்டி இறங்குவோம். மி, டீ என்ற சுரங்கள் தொய்யும். ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் மாஸ்டர் ஒரு சுரத்தைத் தொட்டுக் காட்டுவார், எந்தச் சரணத்தில், எந்த வார்த்தையில் விழுந்தோம் என்று தெரியும். அந்த இடத்தில் ஒரே சுரத்தை ஏறுவதாக நினைத்துக்கொண்டு பாடச் சொல்வார். அப்படியும் விழுந்தால் பாட்டையே அரை சுரம் ஏற்றிப் பார்ப்பார், பல நேரம் நின்றுவிடும்.

"ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாதவர் என்ன செய்வார்?" என்று கேட்டார்கள். நம் சபைக் கொயர்கள் பல இன்றும் படிப்பது டானிக் சோல்ஃபா, சுரங்களை எழுத்தால் குறிக்கும் முறை. அது வந்த கதை என் கட்சிக்கே சாட்சி. ஜான் கர்வென் இங்கிலாந்தில் ஒரு போதகர், சங்கீத வித்வான் அல்ல. 1841-இல் ஹல் நகரில் கூடிய ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், பாட்டைச் சுலபமாகக் கற்பிக்க வழி தேடும்படி அவரைக் கேட்டுக்கொண்டார்கள். நாரிச் ஊர் சாரா குளோவர் ஏற்கெனவே பிள்ளைகளுக்காக உருவாக்கியிருந்த முறையை எடுத்து அவர் செப்பனிட்டார். நம் ஸ போலவே டோவும் எந்தச் சுருதிக்கும் நகரும். முக்காற்புள்ளி வந்தால் அடுத்த தட்டு, சிறு கோடு வந்தால் அதே சுரத்தை இழு, ஒற்றைப் புள்ளி வந்தால் தட்டைப் பாதியாக்கு. கூடிப் பாடுகிற சாமானியருக்காகவே பிறந்த முறை இது.

இனி அந்த "ஒளிந்துகொள்ளும்" குற்றச்சாட்டு. இருபது பேர் கொயரில் பேஸ் நாலு பேர். ஒருவர் வாயை மட்டும் அசைத்தால் மாஸ்டருக்குத் தெரியாதா? பார்ட்டுக்கு ஒருவராக நால்வரை எழுப்பி ஒரு சரணம் பாட வைத்தால் இரண்டு நிமிஷத்தில் எல்லாம் வெளிவரும். கத்திப் பாடுகிறவரும் அங்கேதான் பிடிபடுவார். சுற்றிலும் சத்தம் கூடினால் நம் குரலும் தானாக உயரும் என்பதை எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே சொல்லிவிட்டார். ஆளுக்கு ஒரு கை இடைவெளி விட்டு நிறுத்தினால் பாதிக் கத்தல் அடங்கும். புதியவரைத் திடமாகப் பாடுகிறவருக்கு முன்னால் நிறுத்த வேண்டும், பின்னாலிருந்து வரும் குரல் நேரே காதில் விழும்.

போனில் பார்ட் ரெக்கார்டிங் போதாதா என்றால், போதாது. இரண்டு காதிலும் இயர்போன் மாட்டினால் ஒரு நொடி பின்தொடர்ந்தே பாடப் பழகுவீர்கள். ஒரு காதைத் திறந்து வையுங்கள். வரி பிடிபட்டதும் உங்கள் பார்ட்டை நிறுத்திவிட்டு, சொப்ரானோ ரெக்கார்டிங்கைப் போட்டு அதற்கு எதிராகப் பாடுங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தொண்டையை இறுக்கிப் பாடும் பழக்கத்தைத் தனி ஆசிரியர்தான் சீக்கிரம் பிடிப்பார். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆசிரியர், கொயர் இரண்டையும் விட்டுவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். ஆனால் பெரியவர்கள் வகுப்பை விட்டு ஓடுவது பெரும்பாலும் ஆரம்ப நாட்களில், கூச்சத்தால். 2015-இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வொன்று பெரியவர்களின் பாட்டு, கைவினை, எழுத்து வகுப்புகளை ஏழு மாதம் ஒப்பிட்டது. கடைசியில் எல்லா வகுப்பாரும் நெருங்கிவிட்டார்கள், ஆனால் முதலில் நெருங்கியவர்கள் சேர்ந்து பாடியவர்கள். நடுவர் அவர்களே, அந்த டீ, பிஸ்கட்டையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். சேர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நவம்பரில் வராதீர்கள். கிறிஸ்துமஸ் கேரல் சர்வீஸுக்கு ஏழெட்டுப் பாட்டு பாதி வெந்த நிலையில் கிடக்கும், உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்காது. ஈஸ்டர் கழித்து வாருங்கள். பண்டிகை நெருக்கடி இல்லாத அந்த மாதங்களில் பாட்டும் குறைவு, மாஸ்டருக்குப் பொறுமையும் இருக்கும். கையில் பென்சில் இருக்கட்டும். பேனா வேண்டாம், மூச்சுக் குறியை மாஸ்டர் வாராவாரம் மாற்றுவார். வணக்கம்.